மூளைக்குள்ள ரத்தக்குழாய் எப்படி வருது: எதிர்வீட்டு தம்பி கேட்ட கேள்விக்கு

தம்பி, நீ நேத்து ராத்திரி அனுப்புன வாய்ஸ் நோட்ட ரெண்டு தடவ கேட்டேன், ஆஸ்பத்திரி காரிடார் சத்தத்துல பாதி காதுல விழல, ஆனா விஷயம் புரிஞ்சுது. உங்க அக்காவுக்கு 28 வாரத்துலயே பொறந்துடுச்சு, கொழந்த என்.ஐ.சி.யூ.ல, அதாவது பச்சக்கொழந்தைங்க ஐ.சி.யூ.ல இருக்கு, தலைக்கு ஸ்கேன் எடுத்துட்டு "ஜெர்மினல் மேட்ரிக்ஸ் பிளீட், கிரேடு ஒன்"னு, அதாவது மூளைக்குள்ள ஒரு எடத்துல சின்ன ரத்தக்கசிவுன்னு, எழுதி குடுத்துட்டாங்க, இது போதாதுன்னு அக்காவோட மாமியார் "லாரி தண்ணி வந்தப்போ ரெண்டு கொடத்த மாடிக்கு தூக்கிட்டு போனா, அதான் புள்ளைக்கு மண்டைல நரம்பு வெடிச்சிடுச்சு"ன்னு வார்டு வாசல்லயே உக்காந்து சொல்லிட்டு இருக்காங்க. நீ கேட்டது மூணு: மூளையும் ரத்தக்குழாயும் ஒண்ணாவே உருவாகுதா, அந்த எடத்துல மட்டும் ஏன் கசியுது, கொடம் தூக்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா. மூணாவதுக்கு இப்பவே சொல்லிடறேன், கொடத்தால அந்தக் குழாய் வெடிக்கல. ஏன்னு புரியணும்னா மீதி ரெண்டும் தெரியணும், கொஞ்சம் நீளமா தான் போகும், ஒரு டீ வாங்கி வெச்சுக்கோ. நான் அனாட்டமி டிபார்ட்மென்ட்ல 11 வருஷமா கருவியல் கிளாஸ் எடுக்கறவ, கொழந்த டாக்டர் கிடையாது, அதனால ட்ரீட்மென்ட் விஷயத்துல அங்க இருக்கற டாக்டர் சொல்றது தான் கணக்கு.

முதல் கேள்விக்கு வர்றேன். நம்ம எல்லாரும் மனசுல நெனச்சுக்கறது எப்படின்னா, மூளை வளரும்போது அதுக்குள்ளயே ரத்தக்குழாயும் கூடவே மொளச்சு வரும்னு. அப்படி கிடையாது. மூளைக்கு சொந்தமா ஒரு ரத்தக்குழாய் கூட செய்யத் தெரியாது. எல்லாமே வெளிய இருந்து உள்ள வந்தது தான். மூளை பண்றது ஒண்ணே ஒண்ணு, கூப்பிடும். "எனக்கு பத்தல, உள்ள வா"ன்னு கூப்பிடும், வந்ததுக்கு அப்பறம் "எங்க வீட்டுக்குள்ள வந்தா எங்க வீட்டு ரூல்ஸ் படி தான் இருக்கணும்"னு அத மாத்தியும் வெச்சுக்கும்.

நம்ம வடசென்னை ஏரியாவ வெச்சு சொன்னா சட்டுனு புரியும். அண்ணா நகர் மாதிரி ரோடு, பைப்பு எல்லாம் போட்டுட்டு அப்பறம் வீடு கட்டுன கதை இல்ல இது. வியாசர்பாடி உள்தெரு, எருக்கஞ்சேரி, கொடுங்கையூர் பக்கம் எப்படி வளர்ந்துச்சு, முதல்ல வீடு வந்துச்சு, ஜனங்க கொடத்துல தண்ணி தூக்குனாங்க, வீடு அதிகமாயிடுச்சு, கொடம் பத்தல, சத்தம் போட்டு ரோட்டை மறிச்சு உக்காந்தாங்க, அதுக்கப்பறம் தான் மெயின் ரோட்டுல இருந்து பைப்பு உள்ள வந்துச்சு. மூளையும் அதே தான், தேவை முன்னாடி, குழாய் பின்னாடி.

இப்ப நாள் கணக்கு. ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோ, ஸ்கேன் ரிப்போர்ட்ல போடற வாரம் கடைசி மாதவிலக்குல இருந்து எண்றது, நாங்க கருவியல்ல எண்றது கரு தங்குன நாள்ல இருந்து, ரெண்டுக்கும் ரெண்டு வாரம் வித்தியாசம் வரும், இந்த குழப்பத்துல தான் என் ஸ்டூடன்ட்ஸ் பாதிப்பேர் மார்க்க விடுவாங்க. கரு தங்கி மூணாவது வாரத்துல முதுகுப்பக்கம் ஒரு தட்டையான பட்டை வரும், அது ரெண்டு ஓரமும் தூக்கிகிட்டு, பூரி மாவ மடிக்கற மாதிரி மடிஞ்சு ஒரு குழலா ஆகும், அது தான் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அஸ்திவாரம். தலைப்பக்க வாய் சுமாரா 25வது நாள்ல மூடும், வால் பக்கம் 28வது நாள் வாக்குல மூடும். இதயம் 22வது நாள் போலவே துடிக்க ஆரம்பிச்சிடும். ஆனா பாரு, அந்த நரம்புக்குழல் சுவர வெட்டி மைக்ரோஸ்கோப்ல வெச்சா ஒரு ரத்தக்குழாய் கூட இருக்காது. சுத்தமா காலி.

அப்ப எப்படி உயிரோட இருக்கு? கொடத்துல தண்ணி தூக்கற கணக்கு தான். ஆக்சிஜனும் சத்தும் சும்மா ஊறி ஊறி உள்ள போவும், வாய் மூடற வரைக்கும் சுத்தி இருக்கற பனிக்குட நீரும் உள்ள வந்து போயிட்டு இருக்கும். ஆனா ஊறல்னால போகக்கூடிய தூரம் ரொம்ப கம்மி, ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா ரெண்டு பங்கு, அதாவது ரெண்டு தலைமுடிய பக்கத்துல பக்கத்துல வெச்ச அகலம். சுவர் அதவிட தடிமனா ஆச்சுன்னா நடுவுல இருக்கற செல்லுக்கு மூச்சு முட்டும்.

இதுக்குள்ள வெளிய ஒரு வேலை நடந்துகிட்டு இருக்கும். நரம்புக்குழல சுத்தி இருக்கற மீசோடெர்ம்னு ஒரு அடுக்குல இருந்து ஆஞ்சியோபிளாஸ்ட்னு செல்லுங்க கெளம்பி வந்து, ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, குழல சுத்தி ஒரு வலை பின்னிடும். ஏற்கனவே குழாய் எதுவும் இல்லாத எடத்துல தனித்தனி செல் சேர்ந்து புதுசா குழாய் ஆகறதுக்கு வாஸ்குலோஜெனிசிஸ்னு பேரு. இருக்கற குழாய்ல இருந்து கிளை விட்டு வளர்றதுக்கு ஆஞ்சியோஜெனிசிஸ்னு பேரு. மூளைக்கு வெளிய இருக்கற வலை முதல் வகை, உள்ள போறது எல்லாம் ரெண்டாவது வகை. இத மட்டும் பிடிச்சுக்கோ, மத்தது தானா வரும்.

இந்த முதல் வகைய நான் கண்ணால பார்த்திருக்கேன். எம்.எஸ்ஸி. படிக்கறப்போ குஞ்சு பொரிக்கற பண்ணைல இருந்து கருமுட்டை ஒரு டிரே வாங்கிட்டு வந்து 38 டிகிரில இன்குபேட்டர்ல வெச்சோம். ஒண்ணரை நாள் கழிச்சு ஒண்ண ஒடச்சு பார்த்தா மஞ்சக்கரு மேல வட்டமா ஓரத்துல குங்குமத்த விரல்ல தட்டி விட்ட மாதிரி செகப்பு செகப்பா திட்டு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம. அதுக்கு ரத்தத் தீவுன்னே பேரு. மூணாவது நாள் இன்னொரு முட்டைய எடுத்து மழுங்கல் பக்கம் லேசா தட்டி, சின்ன கத்திரில ஓட்ட வட்டமா வெட்டி எடுத்தேன், கை நடுங்கி ஓட்டுத்துண்டு ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு, மேடம் கிட்ட திட்டு. ஆனா உள்ள பார்த்தா அந்த திட்டுங்க எல்லாம் சேர்ந்து அரச எல நரம்பு மாதிரி செகப்பு வலையா ஆயிருக்கு, நடுவுல கடுகு சைஸுக்கு ஒரு புள்ளி டிக் டிக்னு துடிக்குது, ஒவ்வொரு துடிப்புக்கும் வலை முழுக்க ரத்தம் ஒரு தள்ளு தள்ளி நிக்குது. அன்னிக்கு ஹாஸ்டல்ல ஆம்லெட் போட்டாங்க, நான் சாப்பிடல.

சரி, வலை வெளிய ரெடி. உள்ள எப்படி போகுது? நரம்புக்குழலோட உள் ஓரத்துல, நடுவுல இருக்கற நீர் அறைய ஒட்டி தான் புது செல்லுங்க பிரிஞ்சு பிரிஞ்சு பெருகும், அதுவும் வெளி வலைல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கற எடம், அங்க தான் ஆக்சிஜன் பஞ்சம். பஞ்சம் வந்தா செல்லுக்குள்ள ஹிஃப்னு ஒரு புரதம் சேர ஆரம்பிக்கும், ஆக்சிஜன் நல்லா இருக்கற வரைக்கும் இத செல் உடனுக்குடனே அழிச்சிகிட்டே இருக்கும், பஞ்சத்துல அழிக்க முடியாது. இந்த மெக்கானிசத்த கண்டுபுடிச்சதுக்கு தான் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூணு பேருக்கும் 2019ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. ஹிஃப் சேர்ந்துச்சுன்னா அது வி.இ.ஜி.எஃப்.னு ஒரு சிக்னல் புரதத்த வெளிய விட வைக்கும். அது தான் கூப்பிடற குரல். உள் ஓரத்துல அதிகமா, வெளிய வர வர கம்மியா, பிரியாணி வாசனை மாதிரி பரவும். வெளிய இருக்கற குழாய் வாசனைய புடிச்சுகிட்டு உள்ள திரும்பும்.

இந்த வி.இ.ஜி.எஃப். எவ்ளோ முக்கியம்னா, 1996ல ரெண்டு குரூப் தனித்தனியா எலில செஞ்சு பார்த்தாங்க, அப்பா கிட்ட இருந்து ஒண்ணு அம்மா கிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு ஜீன் காப்பி இருக்கும் இல்ல, அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் இல்லாம போனா கூட அந்த எலிக்கரு வயித்துலயே செத்துப்போச்சு, ரத்தக்குழாய் சரியா அமையல. பெரும்பாலான ஜீன்ல ஒரு காப்பி போனா இன்னொண்ணு சமாளிச்சுக்கும், இதுல பாதி அளவு இருந்தா கூட பத்தல.

உள்ள நுழையற விதம் இருக்கே, அது தான் எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. திருவொற்றியூர் தேர் அன்னிக்கு கூட்டத்துக்குள்ள பசங்க செட்டா நுழைவீங்களே, முன்னாடி ஒருத்தன் ரெண்டு கையையும் நீட்டி வழிய தொழாவிகிட்டு போவான், பின்னாடி இருக்கறவங்க அவன் தோள புடிச்சுகிட்டு வரிசையா போவீங்க, அப்படியே தான். நுனில ஒரு செல், அதுக்கு டிப் செல்னு பேரு, அது ஒடம்புல இருந்து மெல்லிசா விரல் விரலா நீட்டிகிட்டு வாசனை எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் ஊர்ந்து போவும். பின்னாடி வர்றது எல்லாம் ஸ்டாக் செல், அது பிரிஞ்சு பெருகி நீளத்த கூட்டும், நடுவுல ஓட்டைய வெச்சு குழாயா ஆக்கும். 2003ல கெர்ஹார்ட்டும் மத்தவங்களும் எலியோட விழித்திரைல இத தெளிவா காட்டுனாங்க. எல்லாரும் முன்னாடி போறேன்னா என்ன ஆகும், கூட்டம் கலஞ்சுடும், அதனால முன்னாடி போறவன் பக்கத்துல இருக்கறவன தட்டி "நீ பின்னாடி வா"ன்னு அடக்கி வைப்பான், அந்த தட்டல் தான் டெல்டா-நாட்ச் சிக்னல். அந்த அடக்கத்த மருந்து குடுத்து நிறுத்திப் பார்த்தா எல்லா செல்லும் டிப் செல் ஆகத் துடிச்சு, கிளை கிளையா தாறுமாறா மொளச்சு, எதுலயும் ரத்தம் ஒழுங்கா ஓடாது. இன்னொரு வேடிக்கை, முன்னாடி போறவன் களைச்சா பின்னாடி இருக்கறவன் முன்னாடி வந்துடுவான், எடம் மாறிகிட்டே இருக்கும்.

மனுஷக்கருவுல இந்த உள்நுழைவு சுமாரா அஞ்சாவது ஆறாவது வாரத்துல தொடங்கும், தண்டுவடம், பின்மூளைப் பக்கம் முன்னாடி, முன்மூளைக்கு அப்பறமா. வெளிய இருந்து நேரா ஆணி அடிச்ச மாதிரி உள்ள எறங்கி, நீர் அறைக்கு பக்கத்துல வந்ததும் பக்கவாட்டுல திரும்பி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இன்னொரு வலை போட்டுடும். இந்த சேர்ற வேலைக்கு ஒரு ஃபிட்டர் உண்டு, மைக்ரோகிளியான்னு பேரு, மூளையோட காவல்கார செல், அதுவும் மூளைல பொறந்தது இல்ல, கருவோட மஞ்சக்கருப் பைல இருந்து ஊர்ந்து வந்தது. ரெண்டு நுனி கிட்ட கிட்ட வரும்போது நடுவுல உக்காந்து ரெண்டையும் சேர்த்து விடும். பார்த்தியா, குழாயும் வெளியூர், ஃபிட்டரும் வெளியூர்.

இப்ப ஒரு சந்தேகம் வரணும் உனக்கு. வி.இ.ஜி.எஃப். ஒடம்பு முழுக்க இருக்கு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் அத வெச்சு தான் கூப்பிடுது, அப்ப மூளைக்குன்னு தனியா என்ன? ஒரு பாஸ்வேர்ட் இருக்கு. மூளை செல்லுங்க விண்ட்-7ஏ, விண்ட்-7பின்னு ரெண்டு புரதத்த விடும், குழாய் செல் மேல ஜி.பி.ஆர்.124, ரெக்னு ரெண்டு ஆள் உக்காந்து அத மட்டும் வாங்குவாங்க. 2008, 2009ல ரெண்டு லேப் எலில அந்த விண்ட் ரெண்டையும் எடுத்துட்டு பார்த்தாங்க, ஒடம்பு மத்த எடத்துல குழாய் பாட்டுக்கு நல்லா இருக்கு, மூளைலயும் தண்டுவடத்துலயும் மட்டும் குழாய் ஒழுங்கா உள்ள போகல, போனதும் வீங்கி ரத்தம் கசியுது. அதாவது வாசனை மட்டும் பத்தாது, கேட்ல பேர் சொல்லணும்.

அதே விண்ட் சிக்னல் தான் உள்ள வந்த குழாய மூளைக்கு ஏத்த மாதிரி மாத்தறதும். கையில காலுல இருக்கற நுண்குழாய்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சந்து இருக்கும், சின்ன சின்ன பொருள் கசியும். மூளைக் குழாய்ல அந்த சந்த ஜிப் போட்ட மாதிரி இழுத்து மூடிடும், குளுக்கோஸ் மாதிரி வேணுங்கறத தனி கதவு வெச்சு வாங்கிக்கும். இத ரத்த-மூளைத் தடுப்புன்னு சொல்லுவோம். பால் எர்லிக் 1885லயே மிருகத்துக்கு சாயத்த ஏத்தி பார்த்தாரு, ஒடம்பெல்லாம் கலர் ஏறிச்சு மூளை மட்டும் வெள்ளையா இருந்துச்சு, மூளைக்கு சாயம் புடிக்காது போலன்னு அவரு நெனச்சுட்டாரு. அவர்கிட்ட வேலை பார்த்த கோல்ட்மான் 1913ல சாயத்த நேரா மூளையச் சுத்தி இருக்கற நீர்ல விட்டாரு, மூளை ஜம்முனு நீலமாச்சு, ஒடம்பு ஆகல. அப்ப தான் நடுவுல ஒரு சுவர் இருக்குன்னு தெரிஞ்சுது. அந்த சுவர் குழாயோட செல்லே தான்னு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல காட்ட 1967 வரைக்கும் ஆச்சு.

என் கிளாஸ்ல வருஷா வருஷம் நான் சொல்ற சோதனை ஒண்ணு இருக்கு, 1981ல ஸ்டூவர்ட், வைலின்னு ரெண்டு பேர் பண்ணது. காடைக்கருவுல இருந்து குழாய் இன்னும் நுழையாத மூளைத்துண்ட எடுத்து கோழிக்கருவோட வயித்துக்குள்ள வெச்சாங்க. காடை செல்லையும் கோழி செல்லையும் மைக்ரோஸ்கோப்ல பிரிச்சு சொல்லிடலாம், அதுக்கு தான் ரெண்டு ஜாதி பறவை. கோழி வயித்துக் குழாய் அந்த மூளைத்துண்டுக்குள்ள போச்சு, போனதும் என்ன ஆச்சு தெரியுமா, வயித்துக் குழாய் மூளைக் குழாய் மாதிரி சந்து மூடி இறுகிடுச்சு. திருப்பி, மூளைக்குள்ள ஒடம்புத் தசை வர்ற துண்ட வெச்சா, அதுக்குள்ள போன மூளைப்பக்கத்துக் குழாய் இளகி கசிய ஆரம்பிச்சுது. மருமக எந்த வீட்டுக்கு போனாளோ அந்த வீட்டு சமையல் மாதிரி, குழாய் எங்க இருந்து வந்துச்சுன்றது முக்கியமில்ல, எந்த வீட்டுல நிக்குதுன்றது தான் முக்கியம்.

சுவர் இறுக இன்னொரு ஆளும் வேணும், பெரிசைட். குழாய்க்கு வெளிய கட்டிப்புடிச்சுகிட்டு உக்காந்திருக்கற செல், டயருக்கு வெளிய பெல்ட் மாதிரி. இந்த பெரிசைட்ட ஞாபகம் வெச்சுக்கோ, கொழந்த விஷயத்துக்கு இது தான் வேணும்.

பெரிய தமனிங்க கதைய சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அது தனி புராணம். கழுத்து வழியா போற கரோட்டிட் தமனி முன்னாடி வரும், பின்மூளைக்கு ரெண்டு பக்கமும் ஓடற ரெண்டு குழாய் நடுவுல ஒட்டி ஒண்ணாகி பேசிலார் தமனி ஆகும், ஏழாவது வாரம் வாக்குல மூளைக்கு அடில வட்டமா வில்லிஸ் வளையம் கூடிடும். 1664ல தாமஸ் வில்லிஸ் எழுதுன புக்குல அந்த படம் வரும், அது வரைக்கும் யாரும் அவ்ளோ சுத்தமா வரஞ்சதில்ல. கருவுல இது எப்படி கட்டம் கட்டமா வருதுன்னு அமெரிக்காவுல கார்னெகி சேகரிப்புல இருந்த மனுஷக்கரு ஸ்லைடுங்கள பார்த்து பார்த்து டோர்கஸ் பேட்ஜெட்னு ஒரு அம்மா 1948ல எழுதுனாங்க, இன்னிக்கும் ஆஞ்சியோகிராம் பார்க்கறவங்க அத தான் பொரட்டுவாங்க. இடைல வந்து மறைய வேண்டிய குழாய் சிலருக்கு மறையாம நின்னுடும், பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது தான் தெரியும்.

போட்ட குழாய் எல்லாம் நிக்காது. முதல்ல தேவைக்கு மேலயே போட்டு வெச்சுடும், அப்பறம் எதுல ரத்தம் நல்லா ஓடுதோ அது தடிக்கும், எதுல ஓட்டம் இல்லையோ அது சுருங்கி காணாம போவும். இத நேர்ல பார்க்கணும்னா வரிக்குதிரை மீன்கரு தான். கொளத்தூர் மீன் கடைல ஜோடி ஜோடியா கவர்ல கட்டி தொங்க விட்டிருப்பானே, உடம்புல கோடு போட்ட குட்டி மீன், ஜீப்ரா டேனியோ, அதே தான், அது நம்ம பக்கத்து ஆத்து மீன், ஒலகம் பூரா லேப்ல அது தான் ராஜா. கரு கண்ணாடி மாதிரி இருக்கும், குழாய் செல்ல பச்சையா மின்ன வெச்சுட்டா தலைக்குள்ள குழாய் மொளைக்கறதும் சேர்றதும் காஞ்சு விழறதும் லைவா ஓடும். மிச்சம் நின்னதெல்லாம் சேர்த்தா வளர்ந்த மனுஷ மூளைல சுமாரா 600 கிலோமீட்டர் குழாய்னு கணக்கு போட்டிருக்காங்க, எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுனா கிட்டத்தட்ட திருநெல்வேலி வரைக்கும். ஒடம்பு எடைல 2 சதவீதம் கூட தேறாத பொருள் ஒடம்பு ஆக்சிஜன்ல 20 சதவீதத்த தின்னுது, குழாய் இல்லாம எப்படி.

இப்ப உங்க அக்கா கொழந்த. ஜெர்மினல் மேட்ரிக்ஸ்னா வேற ஒண்ணும் இல்ல, மேல சொன்னேனே, நீர் அறைய ஒட்டி செல்லுங்க பெருகற எடம்னு, அது தான். மூளையோட நர்சரின்னு வெச்சுக்கோ, நாத்தங்கால். நரம்பு செல், அதுக்கு துணை செல் எல்லாம் அங்க பொறந்து அப்பறம் அதது எடத்துக்கு நகரும். ஸ்கேன் கணக்குல 24 வாரத்துல நல்லா தடிமனா இருக்கும், அப்பறம் வேலை முடிய முடிய கரைஞ்சு 36 வாரம் வாக்குல ஏறக்குறைய காணாம போயிடும். நம்ம புள்ள வெளிய வந்தது 28ல, நாத்தங்கால் ஃபுல் வேலைல இருக்கற நேரம்.

அங்க செல் நெருக்கம் ஜாஸ்தி, ஆக்சிஜன் தேவை ஜாஸ்தி, அதனால வி.இ.ஜி.எஃப். குரல் உச்சத்துல இருக்கும். குரல் உச்சத்துல இருந்தா குழாய் படபடன்னு வேகமா வளரும். வேகமா வளர்ற குழாய் புதுசு, ஈரம் காயாத சிமென்ட் மாதிரி. வாய் அகலமா சுவர் மெல்லிசா இருக்கும், மேல கட்டிப்புடிக்க வேண்டிய பெரிசைட் கம்மி, கீழ தாங்க வேண்டிய படுகைல சரக்கு கம்மி, சுத்தி பாதம் வெச்சு அணைக்க வேண்டிய ஆஸ்ட்ரோசைட்ங்கற துணை செல்லும் இன்னும் முழுசா வந்து சேரல. 2007ல பிரவீன் பல்லப்பும் கூட இருந்தவங்களும் முயல்குட்டில இத காட்டுனாங்க, அந்த வளர்ச்சி வேகத்த மருந்தால குறைச்சா கசிவும் குறைஞ்சுது. அந்த மருந்த கொழந்தைக்கு குடுக்க முடியாது, மத்த உறுப்புக்கும் குழாய் வளரணும் இல்ல, ஆனா காரணம் எங்க இருக்குன்னு அதுல தெளிவா தெரிஞ்சுது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த எடத்து ரத்தம் வெளிய போற சிரை ஒரு எடத்துல சட்டுனு யூ-டர்ன் அடிக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடுனா என்ன ஆவும், பின்னாடி எது வரைக்கும் வண்டி நிக்கும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முன்னாடி லேசா அடைச்சா பின்னாடி இருக்கற மெல்லிசான குழாய்ல அழுத்தம் ஏறும். அதோட, முழுமாசக் கொழந்தைக்கு ஒடம்புல பி.பி. ஏறி எறங்குனாலும் மூளைக்கு போற ரத்தத்த ஒரே மாதிரி வெச்சுக்கற சாமர்த்தியம் இருக்கும், குறைமாசக் கொழந்தைக்கு அது இன்னும் கைகூடல. மூச்சுத்திணறல், வென்டிலேட்டர், இன்ஃபெக்ஷன், பி.பி. ஆட்டம், எல்லாம் நேரா அந்த ஈர சிமென்ட் குழாய்ல போய் இடிக்கும். வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் நஞ்சுக்கொடி பார்த்துகிட்ட வேலைய திடீர்னு ஒரு கிலோ ஒடம்பு தனியா பார்க்கணும். அதனால தான் இந்த கசிவு பெரும்பாலும் பொறந்து முதல் மூணு நாளைக்குள்ள தான் நடக்கும்.

மாமியாருக்கு இத மட்டும் சொல்லு: கசிவு பெரும்பாலும் பொறந்ததுக்கு அப்பறம் வர்றது, கொடம் தூக்குனது பொறக்கறதுக்கு முன்னாடி. சரி, கொடத்தால தான் முன்கூட்டியே வலி வந்துச்சுன்னு அடுத்து திருப்புவாங்க. முன்கூட்டி வலி வர்றதுக்கு இன்ஃபெக்ஷன், பனிக்குடம் முன்னாடியே உடையறது, பி.பி., கர்ப்பப்பை வாய் பலவீனம்னு எத்தனையோ இருக்கு, பல கேஸ்ல இது தான் காரணம்னு ஒண்ணு கெடைக்காது. நம்ம தெருவுல கொடம் தூக்காம புள்ள பெத்தவங்க யாரு, அவங்களையே கேளு, அவங்க எத்தனை கொடம் தூக்கி உங்க மாமாவ பெத்தாங்கன்னு.

அக்காவுக்கு வலி வந்த அன்னிக்கு ஊசி போட்டாங்கன்னு சொன்னியே, 12 மணி நேரத்துக்கு ஒண்ணா, அது டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டா இருக்கும், நம்ம ஊர்ல அது தான் அதிகம். 1972ல நியூசிலாந்துல லிக்கின்ஸ், ஹோவின்னு ரெண்டு பேர் நுரையீரல் பக்குவத்துக்காக சோதிச்சு வெளியிட்ட வைத்தியம் இது, பின்னால பார்த்தா மூளைக் கசிவும் குறையுது. அந்த நாத்தங்கால் குழாயோட வேகத்த லேசா அடக்கி, பெரிசைட்ட மேல ஏத்தி சுவர கெட்டியாக்குதுன்னு அப்பறம் தெரிஞ்சுது. எத்தனை டோஸ் முடிஞ்சுதுன்னு டிஸ்சார்ஜ் ஷீட்டுல இருக்கும், பாரு.

கிரேடு ஒன்னுன்னா ரத்தம் அந்த நாத்தங்காலோட நின்னுடுச்சு, நீர் அறைக்குள்ள போகலன்னு அர்த்தம். பேபைல்னு ஒருத்தரோட குரூப் 1978ல போட்ட நாலு கிரேடு கணக்கு இது, ரெண்டுல நீர் அறைக்குள்ள எறங்கும், மூணுல அறை உப்பும், நாலுல மூளைச் சதைக்குள்ளயும் போயிருக்கும். நாலு கிரேடுலயும் சின்னது கிரேடு ஒன்னு தான், பெரும்பாலும் தானா கரைஞ்சுடும், சில சமயம் அந்த எடத்துல சின்ன நீர்க்கட்டி மாதிரி தெரிஞ்சு அப்பறம் அதுவும் போயிடும். ஆனா ஒரு ஸ்கேனோட விட மாட்டாங்க, உச்சிக்குழி வழியா அல்ட்ராசவுண்ட் வெச்சு தான பார்க்கறாங்க, ரேடியேஷன் கிடையாது, ஊசி கிடையாது, பயப்படாத, மறுபடி மறுபடி எடுத்து பெருசாகுதா, அறை உப்புதான்னு பார்ப்பாங்க. தலை சுத்தளவு தெனமும் டேப் வெச்சு அளக்கறாங்களான்னு கேளு, அளந்தா சீட்டுல எழுதி வெச்சுக்கோ. வீட்டுக்கு வந்தப்பறமும் ஃபாலோ-அப் கிளினிக்குக்கு கூட்டிட்டு போறத நிறுத்தக்கூடாது, கிரேடு ஒன்னோ இல்லையோ, 28 வாரத்துக் கொழந்தைக்கு வளர்ச்சிய எப்படியும் பார்த்துகிட்டே இருக்கணும்.

முன்னாடி எடுத்த ஸ்கேன்ல "எம்.சி.ஏ. டாப்ளர்"னு ஒரு வரி இருக்கு, அது என்னன்னு கேட்டிருந்த. வயித்துக்குள்ள இருக்கும்போதே மூளையோட நடுத்தமனில ரத்தம் எவ்ளோ வேகமா எப்படி ஓடுதுன்னு பார்க்கறது. நஞ்சுக்கொடில இருந்து வரவு கம்மியாச்சுன்னா கொழந்த மத்த எடத்துக்கு குறைச்சுகிட்டு மூளைக் குழாய விரிச்சு அங்க அதிகமா விடும், அது அந்த வரில தெரிஞ்சுடும். அக்காவுக்கு அதுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பார்க்கலாம்னா நீ அனுப்புன ஃபோட்டோவுல டியூப்லைட் வெளிச்சம் பட்டு பாதி எழுத்து வெள்ளையா போயிடுச்சு. பேப்பர ஜன்னல் பக்கம் வெச்சு, ஃபிளாஷ் போடாம இன்னொரு தடவ எடுத்து அனுப்பு, நாளைக்கு எனக்கு மத்தியானம் தான் கிளாஸ், காலைல பார்த்துட்டு கூப்பிடறேன்.